வளர்ப்பு விலங்குக் கதவு

வளர்ப்பு விலங்குக் கதவு என்பது நாய், பூனை முதலிய வீட்டு விலங்குகள் மனிதரின் உதவியின்றித் தாமே வீட்டினுள் வரவும் வெளியே செல்லவும் கதவிலோ சுவரிலோ சன்னலிலோ அமைக்கப்படும் சிறு திறப்பு ஆகும். இத்திறப்பை மூடி நிற்கும் பகுதி மடல் எனப்படும். விலங்கு தலையாலோ முன்காலாலோ தள்ளும்போது மடல் விலகி, அது கடந்து சென்றதும் தன் எடையாலோ காந்தத்தாலோ பழைய நிலைக்குத் திரும்பும். பயன்படுத்தும் விலங்கைப் பொறுத்து இது நாய்க்கதவு என்றும் பூனைக்கதவு என்றும் அழைக்கப்படுகிறது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாக உள்ள இவ்வமைப்பு இந்தியாவில் இன்னும் அரிதாகவே காணப்படுகிறது. எனினும் வீட்டிலுள்ளோர் அனைவரும் பகல் முழுவதும் வேலைக்குச் செல்லும் திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் இதற்கான தேவை உண்டு. அதேவேளை நச்சுப் பாம்புகள், தெருநாய்கள், அருகிலுள்ள ஆட்டுப்பட்டிகள் ஆகியவற்றால் மேலைநாட்டு வழிகாட்டிகளில் காணப்படாத சில முன்னெச்சரிக்கைகளும் இங்கு தேவைப்படுகின்றன. கதவின் அளவைக் காட்டிலும் அது எந்த இடத்துக்குத் திறக்கிறது, அதன் வழியே வேறு எவை உள்ளே வரக்கூடும் என்பனவே இப்பகுதியில் முதன்மையான கேள்விகளாகும்.

வரலாறு

எலிகளைப் பிடிக்கும் பூனை தடையின்றி நடமாடுவதற்காகக் கதவின் அடியில் துளையிடும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழமையானது. தானியக் களஞ்சியங்களிலும் பண்ணை வீடுகளிலும் இத்தகைய துளைகள் இருந்தன. இவை எசுப்பானிய மொழியில் 'கத்தேரா' என்றும் பிரெஞ்சு மொழியில் 'சாத்தியேர்' என்றும் பெயர் பெற்றுள்ளன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில், பூனை நுழையும் துளை வழியாக வேலையாள் ஒருவன் அறைக்குள் எட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி இடம்பெறுகிறது.

இங்கிலாந்தின் எக்சிட்டர் பேராலயத்தில் வானியல் கடிகாரத்தின் கீழுள்ள கதவில் வட்டமான பூனைத்துளை ஒன்று இன்றும் உள்ளது. 1598 முதல் 1621 வரை ஆயராக இருந்த வில்லியம் காட்டன் காலத்தில் இது வெட்டப்பட்டது. கடிகாரக் கயிறுகளில் பூசப்பட்ட விலங்குக் கொழுப்பை நாடி எலிகள் வந்ததால் பூனை தேவைப்பட்டது எனக் கூறப்படுகிறது. அதற்கும் முன்பே, 1305 முதல் 1467 வரையான அப்பேராலயக் கணக்குகளில் பூனையின் பெயரால் காலாண்டுக்கு 13 பென்சு செலவு எழுதப்பட்டுள்ளது.

பூனைக்கதவைக் கண்டுபிடித்தவர் ஐசாக் நியூட்டன் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பெரிய பூனைக்கு ஒரு பெரிய துளையும் குட்டிக்கு ஒரு சிறிய துளையும் அவர் வெட்டுவித்தார் என்பது இதன் வேடிக்கையான வடிவம். நியூட்டன் தம் அறையில் நாயோ பூனையோ வளர்த்ததில்லை என்று அவருடைய உதவியாளர் குறித்துள்ளதாலும், பூனைத்துளைகள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை என்பதாலும் இக்கதை ஏற்கத்தக்கதன்று.

20ஆம் நூற்றாண்டில் நெகிழி மடலும் காந்தப் பூட்டும் கொண்ட ஆயத்தக் கதவுகள் விற்பனைக்கு வந்தன. விலங்கின் உடலில் பொருத்தப்பட்ட நுண்சில்லைப் படித்துத் திறக்கும் பூனைக்கதவை 2008ஆம் ஆண்டு பிரித்தானியாவின் சூர்ஃபிளாப் நிறுவனம் வெளியிட்டது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவர், தம் பூனை வாயில் இரையைக் கவ்விக்கொண்டு வந்தால் அதனை ஒளிப்படத்திலிருந்து கண்டறிந்து கதவைப் பூட்டும் கணினி அமைப்பை உருவாக்கினார்.

தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் இதற்கெனத் தனிக் கதவு தேவைப்படவில்லை. ஓட்டுக் கூரையின் இடைவெளி, கம்பிச் சன்னல், கழிவுநீர் வெளியேறும் தூம்பு ஆகியவையே பூனையின் வழிகளாக இருந்தன. நாய் வீட்டுக்கு வெளியே, திண்ணையிலும் களத்திலும் கட்டுத்தறியிலும் காவல் இருந்தது. நாயை வீட்டினுள் வளர்க்கும் வழக்கமும், கொசுவலை அடித்த சன்னல்களும், பூட்டிய கற்காரை வீடுகளும் பரவிய பின்னரே இத்தேவை எழுந்தது.

வகைகள்

வளர்ப்பு விலங்குக் கதவுகளைத் திறக்கும் முறையின் அடிப்படையில் பின்வருமாறு பிரிக்கலாம்.

எளிய மடல்: மென்னெகிழியாலோ ரப்பராலோ ஆன ஒற்றை மடல். விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஆனால் எந்த விலங்கையும் தடுக்காது.

காந்த மடல்: மடலின் அடி விளிம்பிலும் சட்டகத்திலும் காந்தப்பட்டைகள் கொண்டது. காற்றில் ஆடாமல் மூடி நிற்கும். தெருப்பூனை தள்ளினாலும் திறந்துவிடும்.

நால்வழிப் பூட்டு: உள்ளே மட்டும், வெளியே மட்டும், இருவழி, முழு மூடல் என்ற நான்கு நிலைகளில் கையால் அமைத்துக்கொள்ளக்கூடியது. மாலையில் 'உள்ளே மட்டும்' நிலையில் வைத்தால் வெளியிலிருக்கும் பூனை திரும்பி வரும்; மீண்டும் வெளியே போக இயலாது.

கழுத்துப்பட்டைத் திறவி: விலங்கின் கழுத்துப்பட்டையிலுள்ள காந்தமோ மின்னணு வில்லையோ அருகில் வரும்போது பூட்டு விலகும். காந்த வகையில் வேறொரு பூனை காந்தப்பட்டை அணிந்திருந்தாலும் கதவு திறக்கும். பட்டை தொலைந்தால் விலங்கு வெளியே சிக்கிக்கொள்ளும்.

நுண்சில்லுக் கதவு: தோளெலும்புகளுக்கு இடையே தோலுக்கடியில் செலுத்தப்படும், அரிசிமணி அளவுள்ள நுண்சில்லின் எண்ணைப் படித்துத் திறக்கும். ஐஎசுஓ 11784, 11785 ஆகிய தரங்களைப் பின்பற்றும் சில்லு 134.2 கிலோஏர்ட்சு அலைவெண்ணில் இயங்கி 15 இலக்க எண்ணைத் தரும். வேறு தரத்தைச் சேர்ந்த பழைய சில்லுகளை எல்லாக் கதவுகளும் படிப்பதில்லை என்பதால் வாங்குமுன் சரிபார்த்தல் வேண்டும். இவை மின்கலத்தால் இயங்குவதால் மின்வெட்டு இவற்றைப் பாதிப்பதில்லை.

நுண்சில்லுக் கதவுகள் பெரும்பாலும் பூனைக்கும் மிகச் சிறிய நாய்க்கும் உரிய அளவிலேயே கிடைக்கின்றன. படிக்கும் தொலைவு சில சென்ரிமீட்டர்களே என்பது இதற்கு ஒரு காரணம். பூனை தலையை நுழைக்கும்போது அதன் தோள்பகுதி உணர்கம்பிச் சுருளுக்கு மிக அருகில் வந்துவிடும். பெரிய திறப்பில் நுழையும் பெரிய நாயிடம் இந்த நெருக்கம் அமைவதில்லை. ஆகவே பெரிய நாய்களுக்குக் கழுத்துப்பட்டை வகையையோ கையால் பூட்டும் வகையையோ நாட வேண்டியுள்ளது.

அளவைத் தீர்மானித்தல்

கதவின் அளவை விலங்கின் எடையைக் கொண்டு முடிவுசெய்வது தவறு. விலங்கை நேராக நிற்க வைத்து மூன்று அளவுகள் எடுக்கப்படும்.

1. உடலின் மிக அகன்ற பகுதியின் அகலம் (மார்பு அல்லது இடுப்பு). இத்துடன் ஏறத்தாழ 5 செ.மீ. கூட்டினால் மடலின் அகலம் கிடைக்கும்.
2. தரையிலிருந்து தோள்பட்டையின் உச்சி வரையுள்ள உயரம். திறப்பின் மேல்விளிம்பு இதைவிட 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் அமைதல் வேண்டும். விலங்கு தலையைத் தாழ்த்தி நுழையும். முதுகை வளைத்து நுழையும் நிலை கூடாது.
3. தரையிலிருந்து மார்பின் அடிப்பகுதி வரையுள்ள உயரம். திறப்பின் கீழ்விளிம்பு இதைவிடச் சற்றுத் தாழ்வாக இருத்தல் வேண்டும். அதற்கு மேலிருந்தால் நாய் நடந்து கடக்க இயலாது, தாவ நேரும்.

எடுத்துக்காட்டாக, தோள் உயரம் 50 செ.மீ., மார்பகலம் 18 செ.மீ., மார்படி உயரம் 27 செ.மீ. கொண்ட நாட்டுநாய்க்கு மடலின் அகலம் 23 செ.மீ. ஆகும். மேல்விளிம்பு தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்திலும் கீழ்விளிம்பு 25 செ.மீ. உயரத்திலும் அமையும். எனவே மடலின் உயரம் 30 செ.மீ. வளர்ந்த பூனைகளுள் பெரும்பாலானவற்றுக்கு 15 செ.மீ. சதுரத் திறப்பு போதும்.

தமிழ்நாட்டு வேட்டைநாய் இனங்களான சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஒடுங்கிய உடலும் ஆழ்ந்த மார்பும் உடையவை. இவற்றுக்கு அகலம் குறைந்து உயரம் மிகுந்த திறப்பு தேவை. இராசபாளைய நாய் தோளளவில் 65 முதல் 75 செ.மீ. வரை உயரமுடையது. இதற்குப் பொருந்தும் திறப்பில் சிறுவன் ஒருவன் எளிதில் நுழைந்துவிடலாம் என்பதால் பாதுகாப்பு பற்றித் தனியே சிந்திக்க வேண்டும்.

குட்டியை வளர்ப்போர் அதன் இனத்தின் வளர்ந்த அளவுக்கு ஏற்பத் திறப்பை அமைத்து, வளரும் வரை உள்ளும் புறமும் தற்காலிகப் படி வைப்பது சிக்கனமானது. நாயும் பூனையும் உள்ள வீட்டில் அகலத்தைப் பெரிய விலங்குக்கும், கீழ்விளிம்பின் உயரத்தைச் சிறிய விலங்குக்கும் ஏற்ப அமைப்பர்.

தமிழ்நாட்டு வீடுகளில் வெளித்தரை உட்தரையைவிட ஒன்றிரண்டு படிகள் தாழ்ந்திருப்பது வழக்கம். உள்ளே 25 செ.மீ. உயரத்திலுள்ள கீழ்விளிம்பு, வெளியே 15 செ.மீ. தாழ்ந்த தரையிலிருந்து பார்த்தால் 40 செ.மீ. உயரத்தில் இருக்கும். வெளியே போன நாய் திரும்ப வரத் தயங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும். நாய் தன் முழு நீளத்துக்கும் நிற்கக்கூடிய சிறு மேடையை உட்தரை மட்டத்தில் வெளியே கட்டுவது இதற்குத் தீர்வு.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வளர்ப்பு விலங்குக் கதவு தெருவுக்கோ பொதுவழிக்கோ நேரடியாகத் திறக்கக் கூடாது. சுற்றுச்சுவரோ கம்பிவலையோ சூழ்ந்த புறக்கடைக்குத் திறப்பதே சிறந்தது. இத்தகைய இடம் இல்லையெனில் நாய்க்கதவு அமைப்பதைத் தவிர்த்தல் நன்று. சுற்றுச்சுவர் நாயை நிறுத்தும், பூனையை நிறுத்தாது. எனவே பூனைக்குக் கூரையும் வலையால் மூடிய கூண்டுமுற்றம் அமைத்து அதனுள் கதவைத் திறக்கவிடும் முறையும் உள்ளது.

தலைவாசல் கதவை வெட்டுவதைப் பலரும் விரும்புவதில்லை. அது பெரும்பாலும் தேக்கு போன்ற விலையுயர்ந்த மரத்தால் ஆனது என்பதும் ஒரு காரணம். சமையலறையின் பின்கதவு, சுவர், தரையளவுச் சன்னல் ஆகியவை மாற்றிடங்கள். மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கதவு உள்ள வீடுகளில் இரு கதவுகளிலும் வழி நேராக அமையாவிட்டால் பயனில்லை. கிரில் கம்பிகளின் இடைவெளியில் விலங்கின் தலை மாட்டிக்கொள்ளும் இடர் இருந்தால் அப்பகுதியைத் தகடால் அடைத்துவிட வேண்டும்.

கிணறு, மூடியற்ற தண்ணீர்த் தொட்டி ஆகியவை உள்ள பக்கம் தவிர்க்கப்பட வேண்டும். தவழும் குழந்தை இத்திறப்பின் வழியே வெளியே செல்லக்கூடும். குழந்தை உள்ள வீட்டில் பூட்டுத்தகடு இல்லாத கதவு ஏற்றதன்று.

பொருத்தும் முறை

மரக்கதவு

1. கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றி மேசைமேல் கிடத்துதல் நன்று.
2. உடன் வரும் தாள் வடிவத்தைக் கதவில் ஒட்டி, மட்டப்பலகை கொண்டு சரிபார்த்து, கோடு வரையப்படும்.
3. நான்கு மூலைகளிலும் துரப்பணத்தால் துளையிட்டு, அவற்றின் வழியே வெட்டுவாளைச் செலுத்தி அறுக்க வேண்டும்.
4. அறுத்த விளிம்புகளைத் தேய்த்து வண்ணமோ மெருகெண்ணெயோ பூசுதல் வேண்டும். பூசாத மரம் மழைநீரை உறிஞ்சி உப்பும், கரையான் பிடிக்கும்.
5. உட்சட்டகத்தையும் வெளிச்சட்டகத்தையும் திருகாணிகளால் இணைத்து, மடல் தடையின்றி ஆடுகிறதா எனப் பார்த்த பின்னரே திருகாணிகளை முழுமையாக இறுக்குவர். அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டகம் வளைந்து மடல் உரசும்.

பிளஷ் கதவுகளுள் சிலவற்றின் உட்புறம் வெறுமையாக இருக்கும். அவற்றில் அறுத்த ஓரங்களின் உள்ளே மரச்சட்டம் செருகி ஒட்டாவிட்டால் திருகாணி பிடிக்காது. பலகைகள் இழைத்துச் செய்த பழைய கதவில் குறுக்குச் சட்டத்தை அறுத்தால் கதவின் பிணைப்பே தளரும். நடுப்பலகையில் மட்டுமே வெட்டுதல் வேண்டும்.

இரும்புத் தகட்டுக் கதவு

திருப்பூர் வட்டாரத்தில் பின்கதவுகளும் மாடிக் கதவுகளும் பல வீடுகளில் இரும்புத் தகட்டால் ஆனவை. இவற்றை வெட்டுசக்கரத்தால் அறுத்து, கூரிய விளிம்புகளை அரத்தால் மழுக்கி, துருத்தடுப்பு வண்ணம் பூசி, ரப்பர் ஓரம் பொருத்துவர். இரும்பு, நுண்சில்லைப் படிக்கும் சுருளின் காந்தப்புலத்தைக் குலைக்கும் என்பதால் நுண்சில்லுக் கதவை இரும்புத் தகட்டில் நேரடியாகப் பொருத்தலாகாது. திறப்பைப் பெரிதாக அறுத்து, நடுவே மரப்பலகையையோ நெகிழிப் பலகையையோ வைத்து, அதில் கதவைப் பொருத்தினால் இக்குறை பெரிதும் நீங்கும்.

கண்ணாடி

வன்மையூட்டப்பட்ட கண்ணாடியைத் தயாரித்த பின் வெட்ட இயலாது. வெட்டினால் முழுதும் நொறுங்கிவிடும். துளையுடன் கூடிய புதிய கண்ணாடியையே செய்விக்க வேண்டும்.

சுவர்

ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் பூச்சுடன் சேர்ந்து ஏறத்தாழ 25 செ.மீ. தடிப்புடையது. இதில் திறப்பு என்பது சிறு குகைவழியாகவே அமையும். எனவே உள்ளும் புறமும் இரு மடல்கள் வைக்கலாம். தூண், உத்தரம் ஆகியவற்றின் அருகிலும், மின்கம்பிக் குழாய் அல்லது தண்ணீர்க் குழாய் செல்லும் தடத்திலும் வெட்டக் கூடாது. திறப்பின் மேல் சிறு கற்பலகையோ கற்காரைப் பட்டையோ தாங்கலாக வைத்தல் வேண்டும். வழியின் உட்புறத்தை ஓடு பதித்தோ நெகிழித் தகடு கொண்டோ மூடி, அடித்தளத்தை வெளிப்புறமாகச் சற்றுச் சரித்தால் மழைநீர் தேங்காது. பழைய மண்சுவர்களைக் கொத்தனார் பார்வையிடாமல் வெட்டுதல் ஆபத்தானது.

கொசுவலைக் கதவு

கொசுவலைக் கதவின் வலையில் இலேசான நெகிழிச் சட்டகத்தைப் பொருத்துவது எல்லாவற்றிலும் எளிது. மரக்கதவு திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே இது பயன்படும். பாதுகாப்பு தராது.

பழக்குதல்

கதவைப் பொருத்திய உடன் விலங்கைப் பிடித்து அதன் வழியே தள்ளுவது அச்சத்தை உண்டாக்கும். முதல் சில நாட்கள் மடலைக் கயிற்றால் முழுவதும் தூக்கிக் கட்டி, மறுபுறம் உணவு வைத்து அழைக்க வேண்டும். பின்னர் மடலைப் பாதியளவு தாழ்த்தி, இறுதியில் முழுதும் விடலாம். காந்தப் பூட்டின் 'டக்' என்ற ஓசைக்குப் பூனை அஞ்சினால் மின்னணுப் பூட்டைச் சில நாட்கள் கழித்தே இயக்க வேண்டும். பெரும்பாலான விலங்குகள் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் பழகிவிடுகின்றன. முதிய நாய்களுக்கும் மூட்டுவலி உள்ள நாய்களுக்கும் கீழ்விளிம்பைத் தாழ்த்தி அமைத்தல் தேவை.

திருப்பூர்ப் பகுதியில்

பணிநேரமும் வீட்டு அமைப்பும்

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் 'ஒன்றரை ஷிப்டு' என்று வழங்கும் வேலைநேரம் காலை 8.30 மணி முதல் இரவு 8.30 மணி வரை நீள்வது. கணவன் மனைவி இருவரும் பனியன் கம்பெனிக்குச் செல்லும் குடும்பத்தில் வளரும் நாய், பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் வீட்டினுள் அடைபட்டோ வாசலில் கட்டப்பட்டோ கிடக்கும். வளர்ந்த நாயையும் எட்டு மணிநேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்க வெளியே விடாமல் அடைத்து வைப்பது அதற்குத் துன்பம் தருவது. சுற்றுச்சுவர் உள்ள வீட்டில் இச்சிக்கலுக்கு நாய்க்கதவு நேரடித் தீர்வாகும்.

ஆயின் தொழிலாளர் பலர் ஒரே சுவரைப் பகிரும் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். உரிமையாளரின் ஒப்புதலின்றிக் கதவையோ சுவரையோ வெட்ட இயலாது. சன்னலின் ஒரு பகுதியில் கண்ணாடிக்குப் பதிலாகப் பூனைக்கதவு பொருத்திய ஒட்டுப்பலகையைச் செருகுவதும், பழைய கதவைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வெட்டிய மலிவுக் கதவு ஒன்றை மாட்டி, வீட்டைக் காலி செய்யும்போது பழையதை மீண்டும் மாட்டுவதும் இவர்களுக்கு ஏற்ற வழிகள். பொதுமுற்றம் கொண்ட வரிசை வீட்டில் அண்டை வீட்டாரின் இசைவும் தேவை.

காற்றும் வெயிலும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் ஆகத்து வரை இப்பகுதியில் வலுவாக வீசும். ஆடிக்காற்று எனப்படும் இதனை நம்பியே தாராபுரம், உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. மேற்கு நோக்கிய எளிய மடல் இக்காற்றில் ஓயாது அடித்துக்கொண்டு புழுதியை உள்ளே தள்ளும். காந்த மடலும், சட்டகத்தைச் சுற்றித் தூரிகைப் பட்டையும், கூடுமாயின் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த இடமும் பொருத்தமானவை. கோடை வெயில் நேரடியாகப் படும் மடல் விறைத்து வெடிக்கும். ஆண்டுதோறும் ஆய்ந்து மாற்ற வேண்டும்.

தையலறையும் பூனையும்

வீட்டோடு சேர்ந்த பவர்டேபிள் தையற்கூடங்கள் இப்பகுதியில் ஏராளம். துணிக்கு எலியால் வரும் சேதத்தைத் தடுக்கப் பூனை உதவும் என்றாலும், பூனைக்கதவு தையலறைக்குத் திறப்பது ஆபத்தானது. நூலும் இலாசுடிக்கும் பூனைக்கு விளையாட்டுப் பொருட்கள். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுபகுதி குடலைச் சுருக்கி அறுத்துவிடும். அறுவை மருத்துவம் செய்யாவிடில் இது உயிரைப் பறிக்கக்கூடியது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பாம்பும் பிற உயிரினங்களும்

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளும் தமிழ்நாட்டில் வாழ்கின்றன. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் வீடுகளுக்குள் புகுந்து தரையில் உறங்குவோரைக் கடிப்பது. கடிபட்டவர் வலி உணராமலே இருந்துவிடக்கூடும். மடலின் கீழுள்ள ஒரு விரற்கடை இடைவெளியும் பாம்புக்குப் போதும். எலி, பெருச்சாளி ஆகியவை அவ்வழியே வந்தால் அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். எனவே,

- பொழுது சாய்ந்ததும் மடலின்மேல் பூட்டுத்தகட்டைச் செருகி முழுதும் மூடுதல்,
- மூடிய நிலையில் இடைவெளி ஏதும் தெரிகிறதா என இருட்டில் கைவிளக்கு கொண்டு பார்த்தல்,
- கதவைச் சுற்றிச் செங்கல், விறகு, கழிவுத்துணி மூட்டை ஆகியவற்றைக் குவிக்காமை,
- விலங்கின் உணவுத் தட்டை இரவில் கதவருகே விட்டுவைக்காமை

ஆகியவை இன்றியமையாதவை. இரவிலும் திறந்திருக்க வேண்டிய விலங்குக் கதவு இப்பகுதிக்கு ஏற்றதன்று.

ஆட்டுப்பட்டிகள்

திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்கள் மானாவாரி மேய்ச்சல் நிலங்கள் நிறைந்தவை. கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடுகளில் ஆடுமாடுகளை மேயவிட்டு, இரவில் ஆடுகளைப் பட்டியில் அடைப்பது இங்குள்ள முறை. 2024, 2025ஆம் ஆண்டுகளில் பட்டிகளில் நாய்கள் புகுந்து கடித்து ஏராளமான ஆடுகள் இறந்தன. இறந்த ஆடுகளுடன் சாலையில் அமர்ந்து விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடினர்.

இத்தாக்குதல்களுக்குத் தெருநாய்களே பெரிதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் வீட்டில் சாதுவாக இருக்கும் வளர்ப்பு நாயும் பிற நாய்களுடன் கூட்டமாகச் சேர்ந்தால் ஓடும் ஆட்டைத் துரத்திக் கடிக்கும் இயல்புடையது. நாய்க்கதவு வேலியற்ற வெளிக்குத் திறக்குமாயின் உரிமையாளர் அறியாமலே நாய் இரவில் சென்று விடியுமுன் திரும்பிவிட இயலும். பட்டியுள்ள ஊர்களில் நாய்க்கதவு அமைப்போர் நான்கு புறமும் அடைப்பு உள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்து, இரவில் கதவைப் பூட்டுதல் அண்டை விவசாயியின் வாழ்வாதாரம் தொடர்பான பொறுப்பாகும்.

சட்டமும் தடுப்பூசியும்

தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ நேராதவாறு காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்கிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றமாகும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இச்சட்டம் இதற்கு ஆறு மாதம் வரை சிறை, 5000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. நாய் தானே கதவைத் திறந்து வெளியேறியது என்பது உரிமையாளரின் பொறுப்பை நீக்காது.

சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் நுண்சில்லும் கட்டாயம் என அறிவித்தது. உரிமத்துக்காகப் பொருத்தப்படும் சில்லு மேற்கூறிய தரத்தினதாயின் அதுவே நுண்சில்லுக் கதவுக்கும் பயன்படும்.

தானாக வெளியே சென்று வரும் நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுதல் வேண்டும். அறிகுறிகள் தோன்றிய பின் வெறிநோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. சுற்றுச்சுவருக்குள் இருக்கும் நாயையும் பூனையையும் தெருநாய் கடிக்க வாய்ப்பு இருப்பதால், வெளியே சென்று வரும் விலங்கின் உடலில் புதிய காயம் உள்ளதா என நாள்தோறும் பார்ப்பது நல்லது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யாத பூனையைத் தாராளமாக வெளியே விடுவது ஆதரவற்ற குட்டிகள் பெருகக் காரணமாகிறது.

திருட்டுப் பாதுகாப்பு

பெரிய நாய்க்கதவின் வழியே ஆள் நுழையாவிட்டாலும் கை நுழையும். கதவின் அடியிலுள்ள தாழ்ப்பாளை உள்ளே கைவிட்டு விலக்கிவிடலாம் என்பதால், நாய்க்கதவு அமைத்த கதவில் மேல்தாழ்ப்பாளும் சாவியால் மட்டுமே திறக்கும் பூட்டும் இருத்தல் வேண்டும். சாவியைப் பூட்டிலேயே விட்டுவைக்கக் கூடாது. வெளியூர் செல்லும்போது உட்புறப் பூட்டுத்தகட்டைச் செருகித் திருகாணியால் முடுக்கிவிடுவது வழக்கம்.

பராமரிப்பு

மடலின் அடியில் சேரும் மயிரையும் மண்ணையும் வாரம் ஒருமுறை துடைத்தல், காந்தப்பட்டையில் ஒட்டும் இரும்புத் துகள்களை அகற்றுதல், மின்கலங்களை எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் மாற்றுதல், மழைக்காலத்துக்கு முன் சட்டகத்தைச் சுற்றியுள்ள சிலிக்கோன் பூச்சைச் சரிபார்த்தல் ஆகியவை போதுமானவை. கிழிந்த மடல் பாம்புக்கும் பெருச்சாளிக்கும் திறந்த வழி என்பதால் அதை மாற்றும்வரை திறப்பைப் பலகையால் அடைத்து வைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- நாய்
- பூனை
- இராசபாளையம் நாய்
- சிப்பிப்பாறை நாய்
- வெறிநோய்
- கட்டுவிரியன்
- கொரங்காடு
- திருப்பூர் மாவட்டம்